போர்முனைக்கே போகும் சைபர் வீரர்கள்: ராணுவங்கள் ஏன் இப்படி யோசிக்கின்றன?

ராணுவத்தின் சைபர் பிரிவு என்றதும், தலைநகரில் ஏசி அறைக்குள் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களில் சிலரையாவது சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதே இப்போதைய யோசனை. அமெரிக்க ராணுவம் 2015-லேயே இதைச் சோதிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அவசியத்தைப் புரியவைத்தது உக்ரைன் போர்தான்.

2023 ஆகஸ்ட்டில் உக்ரைன் உளவு அமைப்பான எஸ்பியூ ஒரு தகவலை வெளியிட்டது. போர்க்களத்தில் கைப்பற்றிய ஆண்ட்ராய்டு டேப்லெட்களை வைத்தே, உக்ரைன் ராணுவ நெட்வொர்க்கில் நுழைய ரஷ்ய ஹேக்கர்கள் முயன்றார்களாம். அதே மாதம் பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளும் அந்த மால்வேர் பற்றி அறிக்கை வெளியிட்டன.

அதாவது, பூட்டு உடைக்கப்படுவது தலைமையகத்தில் அல்ல, பதுங்குகுழியில். ஒரு டேப்லெட் எதிரி கைக்குப் போனால், அதில் எந்தெந்தக் கணக்குகள் திறந்திருந்தன, எதை உடனே முடக்கணும் என்று தெரிந்த ஆள் அங்கேயே வேண்டும். தலைநகருக்கு போன் போட்டுக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்.

தாக்குதலுக்கும் அனுமதி உண்டா?

சிக்கலே இங்கேதான். 2022 பிப்ரவரி 24-ம் தேதி, ரஷ்யப் படைகள் நுழைந்த அதே நாளில், உக்ரைன் பயன்படுத்திய வியாசாட் செயற்கைக்கோள் இணையம் ஹேக் செய்யப்பட்டது. குறி உக்ரைன். ஆனால் ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைதூரக் கண்காணிப்பும் சேர்ந்தே துண்டானது! பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று ஓரளவு கணிக்கலாம். மால்வேரை அப்படிக் கணிக்க முடியாது. அந்த பட்டனை ஒரு பிரிகேட் கமாண்டர் கையில் கொடுக்க அரசுகள் தயங்குவது நியாயம்தான். பாதுகாப்பு வேலை கீழே, தாக்கும் உத்தரவு மேலே என்று பிரிப்பதே இப்போதைக்கு பாதுகாப்பான வழி.

இந்தியாவில்?

முப்படைகளுக்கும் பொதுவாக பாதுகாப்பு சைபர் ஏஜென்சி இருக்கிறது. அது போதாது என்று, கமாண்ட் வாரியாக சைபர் ஆபரேஷன்ஸ் மற்றும் சப்போர்ட் விங்குகளை அமைப்பதாக 2023 ஏப்ரலில் ராணுவம் அறிவித்தது. படைப்பிரிவுகளின் நெட்வொர்க்கைக் காப்பதுதான் இவற்றின் முக்கிய வேலை.

நல்ல தொடக்கம். ஆனால் கமாண்டுக்குக் கீழே கோர், டிவிஷன், பிரிகேட், பட்டாலியன் என்று இன்னும் நாலு படி இருக்கிறது. டேப்லெட் தொலைவது அந்தக் கடைசிப் படியில்தான்.