பாரமில்லாத விருந்து



விருந்தாளிகள் வருகிறார்கள் என்றதும் வீட்டில் முதலில் களைத்துப்போவது யார்? எந்த நாட்டில் கேட்டாலும் விடை ஒன்றுதான். வீட்டுப் பெண்! குடும்பங்கள் ஒன்றையொன்று போய்ப் பார்க்கும் வழக்கம் குறைந்து வருவதற்கு மனக்கசப்பு மாத்திரம் காரணமல்ல. இந்தக் களைப்பும் ஒரு காரணம். ஜப்பானியர் கோடை காலத்தில் நண்பர் வீட்டுக்குப் போய்வரும் முறையில், இந்தப் பாரத்தைக் குறைக்கும் சில ஒழுங்குகள் இருக்கின்றன.

ஜப்பானில் பெரும்பாலான பாடசாலைகளுக்கு ஜூலை பிற்பகுதியில் கோடை விடுமுறை தொடங்கி, ஆகஸ்ட் இறுதிவரை நீடிக்கும். இடையில், பல பகுதிகளில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை 'ஓபோன்' நாட்கள். நகரங்களில் தொழில் பார்ப்போர் பிள்ளைகளுடன் ஊர் திரும்புவர். ரயில்களில் இடம் கிடைப்பது அரிது. உறவினரையும் பழைய நண்பரையும் காணும் காலம் அது.

முன்னறிவித்தல் இன்றிப் போவதை அங்கே நல்ல பழக்கமாகக் கருதுவதில்லை. எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முன்பே தெரிவிக்கப்படும். போகும்போது கையில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். தம் ஊரின் இனிப்பு அல்லது பழம். 'தெமியாகே' என்பது அதன் பெயர். கொடுக்கும்போது, "இது அற்பமான பொருள்தான்" என்று சொல்வது பழைய மரபு. இதில் ஒரு நுட்பம் உண்டு. விலை கூடிய பரிசைக் கொடுத்தால், அதற்கு எப்படி ஈடு செய்வது என்ற கவலை வாங்கியவருக்கு வந்துவிடும் அல்லவா?

வாசலில் பாதணிகளைக் கழற்றி, அவற்றின் முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைப்பர். சின்னப் பிள்ளைகளுக்கும் இது பழக்கப்பட்டிருக்கும். உள்ளே, வறுத்த பார்லியில் தயாரித்துக் குளிரவைத்த 'முகிச்சா' பானமும் வத்தகப்பழத் துண்டும் கிடைக்கும். வெக்கை நேரத்தில் அதுவே நல்ல உபசாரம்.

மாலையானதும் இரு குடும்பங்களும் சேர்ந்து ஊரின் கோடை விழாவுக்குப் புறப்பட்டுவிடும். இராச் சாப்பாடு பெரும்பாலும் அங்குள்ள சிறு கடைகளில்தான். அன்று மாலை வீட்டுக்காரிக்கு அடுப்படியிலிருந்து விடுதலை! பெண்களும் பிள்ளைகளும் 'யுகாத்தா' என்னும் மெல்லிய பருத்தி அங்கியை அணிவர். அதன் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேலே வரவேண்டும்; மாற்றி உடுத்துவது மையித்துக்கு உடுத்தும் முறை. பிள்ளைகள் பாகு ஊற்றிய ஐஸ் தூளுக்கும் பஞ்சு மிட்டாய்க்கும் வரிசையில் நிற்பர். மெல்லிய கடதாசி ஒட்டிய வட்டக் கரண்டியால் தங்கமீன் பிடிக்கும் விளையாட்டும் உண்டு. கடதாசி நனைந்து கிழிந்து, ஒன்றும் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைக்கும் ஒரு மீனைப் பையில் இட்டுக் கொடுப்பது பல கடைகளில் வழக்கம். அங்கு போகும் நம்மவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'யாகிசோபா' எனும் நூடுல்ஸில் பன்றி இறைச்சி சேர்ப்பது சாதாரணம். கூச்சப்படாமல் விசாரிப்பதே நல்லது.

ஓபோன் நாட்களின் நடனத்துக்கு அவர்களின் முன்னோர் பற்றிய நம்பிக்கையே மூலம். அந்த நம்பிக்கை நம்முடையதல்ல. ஆயினும் அயலவர் ஒன்றுகூடி ஒரு காரியத்தைச் செய்யும் விதத்தை நாம் கவனிக்கலாம்.

வீட்டுக்காரி இறக்கி வைத்த பாரத்தை யார் சுமக்கிறார்கள்? 'சோனாய்க்காய்' எனப்படும் அயலவர் சங்கங்கள்தாம் பல சிற்றூர் விழாக்களை நடத்துகின்றன. விளக்குகளைக் கட்டுவதும், பணம் சேர்ப்பதும், மறுநாள் குப்பை பொறுக்குவதும் அங்கத்தவர்களே. அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது. 2023இல் ஜப்பானியரில் ஏறத்தாழ 29 சதவீதத்தினர் 65 வயதைத் தாண்டியவர்கள். 869ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தோடு தொடர்புடைய கியோத்தோவின் கியோன் விழாவில்கூட, கொரோனாவால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் தேர் ஊர்வலம் நிறுத்தப்பட்டு, 2022இல் மீண்டும் நடந்தது. பெருநகரின் புகழ்பெற்ற விழா அது, திரும்பி எழுந்துவிட்டது. சிற்றூர்களுக்கு அந்த வலு இல்லை. ஆயிரம் ஆண்டுப் பழைமை உடையதாகக் கூறப்படும் இவாத்தே பகுதியின் 'சோமின்சாய்' என்ற குளிர்கால விழா 2024 பெப்ரவரியோடு முடிவுக்கு வந்தது. பார்க்க வருவோர் இல்லாமல் அல்ல. பொறுப்பேற்று நடத்துவோர் முதுமையடைந்துவிட்டதால்!

சகோதரிகளே, விருந்து நின்றுபோவதும் இவ்வாறுதான். வருவோர் குறைவதால் அல்ல, ஒருவர் தலையிலேயே எல்லாம் விழுவதால். ஆகவே அடுத்த முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது நாலு வகைக் கறியை எதிர்பார்க்காதீர்கள். முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். சிறிதாக ஏதேனும் கொண்டுபோங்கள். சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவ உங்கள் ஆண்பிள்ளைகளையும் எழுப்பி விடுங்கள். அந்த வீட்டுப் பெண்ணும் உங்களோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசட்டும். அவளைப் பார்க்கத்தானே போனீர்கள்?