கீசருக்கும் வேண்டும் நல்ல தண்ணீர்

வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய கடலோரப் பிரதேசங்களில், குளியலறைச் சுவரில் கீசர் ஒன்றை மாட்டி மார்கழிக் குளிருக்கும் முதியோரின் மூட்டுவலிக்கும் பரிகாரம் கிடைத்துவிட்டதாக நிம்மதி கொண்ட குடும்பங்கள், இரண்டொரு வருஷங்களுக்குள்ளாகவே ஒரு விசித்திரத்தைக் காண்கின்றன. பச்சைத் தண்ணீர்க் குழாய் தாராளமாகக் கொட்டும். வெந்நீர்க் குழாயோ நாளுக்கு நாள் இளைத்து, நூலாகி, சொட்டாகி, கடைசியில் ஒரு காலைப்பொழுதில் அடியோடு நின்றுவிடும். கீசரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அந்த விளக்கைப் பார்த்துவிட்டு ஜனங்கள் முதலில் கூப்பிடுவது எலெக்ட்ரீஷியனை. தண்ணீர் வருகிறது, சூடில்லை என்றால் அது மின்சாரத்தின் சங்கதி. தண்ணீரே வரவில்லை என்றால் அது வழி அடைபட்ட சங்கதி. இந்த பேதம் தெரிந்திருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

அடைப்பைத் தேடுவதிலும் ஒரு கிரமம் உண்டு. முதற்காரியமாக கீசரின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, உள்ளிருக்கும் நீர் ஆறும்வரை பொறுத்து, குழாயின் வாயிலிருக்கும் சிறு சல்லடையைத் திருகிக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளைச் செதில்களும் துருவும் அங்கேயே திரண்டு நிற்பது மிகச் சாதாரணம், அப்படியானால் வினிகரில் ஊறப்போட்டு ஒரு பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே வேலை முடிந்தது. சமையலறையிலோ வேறு குளியலறையிலோ அதே கீசரின் வெந்நீர் வருகிறதென்றால் குற்றம் இந்தக் குழாயோடு நிற்கிறது. எங்குமே வரவில்லையென்றால், கீசருக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக் திறந்துதான் இருக்கிறதா, கைப்பிடி சுழன்றாலும் உள்ளே தண்டு உடைந்து வெறுமனே சுற்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். எண்ணூர்க் காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் இது அடிக்கடி நடப்பது. அதற்கும் அப்பால், உள்ளே போகும் கனெக்ஷன் பைப்பைக் கழற்றி வாளியில் பிடித்தால், தண்ணீர் வேகமாக வருமாயின் கீசருக்குப் போகும் வழி சரி, கீசரிலும் அதிலிருந்து வெளியேறும் வழியிலும்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் சிறு வால்வு ஒன்று நுழைவாயிலில் இருக்கிறது. அதன் ஸ்பிரிங் உப்பேறி இறுகிப்போனாலும் இதே விளைவுதான். மாடியில்லாத வீடுகளில், தலைக்கு மேலேயே தொட்டி இருப்பதால் அழுத்தம் குறைந்து, குழாய்க்குள் காற்று அடைத்துக்கொள்வதும் உண்டு.

காலடிப்பேட்டையில் ஒரு வீட்டில் இவ்வளவையும் பார்த்தபின் கீசரைக் கீழே இறக்கி, அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். துருப்பிடித்த போல்ட்டுகளில் ஒன்று தலை முறிந்தே வந்தது. தட்டை இழுத்ததும், சுண்ணாம்புக் குழம்பு ஒரு வாளி அளவுக்குச் சரிந்து விழுந்தது. அதற்குப் பின்னால், நீரைச் சூடாக்கும் காயில் என்று சொல்லத்தக்க எந்த உருவமும் தெரியாமல், பவழப் பாறையைப் போன்ற வெண்கட்டி ஒன்று வெளியே வந்தது. தொட்டியின் இரும்பைக் காக்க வேண்டிய மக்னீசியம் ஆனோடு ராடு கரைந்துபோய் வெறும் கம்பி மாத்திரம் மிஞ்சியிருந்தது. "ஏம்பா, பொருளே மட்டமா?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். "பொருள்ல ஒண்ணும் இல்லம்மா, உங்க போர் தண்ணிதான் இப்படி. எந்தக் கம்பெனி வாங்கினாலும் இதே கதிதான்" என்றார் பிளம்பர். மறுபடி மாட்டியபின் வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, அதில் தண்ணீர் கொட்டிய பிறகே ஸ்விட்சைப் போடவும் விட்டார். காலித் தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் புதுக் காயிலும் நிமிஷத்தில் கருகும்.

பிளம்பர் சொன்னதில் ரசாயனம் பிசகாமல் இருக்கிறது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் குளிர்ந்த நீரில் சாதுவாகக் கிடக்கும். சூடேறினால் கரையாத சுண்ணாம்பாகப் பிரிந்து, மிகச் சூடான இடமாகிய காயிலின் மேலேயே முதலில் படியும். ஆகையால்தான் ஒரே தண்ணீர் ஓடும் இரண்டு குழாய்களில் வெந்நீர்க் குழாய் மாத்திரம் சாகிறது. காயில் தன் சூட்டை நீருக்குக் கொடுக்க இயலாமல் தானே வெந்து வெடிக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாவிடத்து 600-ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. வடசென்னையில் உப்பும் சேர்ந்து வருகிறது. மீஞ்சூர்ப் பக்கத்து ஆற்றுப் படுகைகளில் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமாகப் பல்லாண்டுகள் அளவின்றி நீர் இறைத்ததில், கடல் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-இல் சட்டமே இயற்றும்படி ஆயிற்று.

கொதிகலனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய ஞானமன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்துதான் வாலாஜாவுக்குப் புறப்பட்டது. நீராவி இஞ்சின்கள் ஓடிய காலமெல்லாம், ஷெட்டில் நிறுத்திக் கொதிகலனைக் கழுவிப் படிவை அகற்றுவது தவறாத கடமையாக இருந்தது. மணலியின் உரத் தொழிற்சாலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1990-களின் தொடக்கத்திலேயே நகரின் கழிவுநீரை வாங்கி எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்பு நீக்கிப் பயன்படுத்தத் தலைப்பட்டன. 2019-இல் கொடுங்கையூரில் குடிநீர் வாரியம் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையத்தை அந்தப் பகுதித் தொழிற்சாலைகளுக்காகவே ஏற்படுத்தியது. ஆலையின் கொதிகலனுக்குக் கிடைக்கும் மரியாதை, அந்த ஆலையில் வேலைசெய்துவிட்டு வீடு திரும்புகிறவன் வாங்கிய 15 லிட்டர் கீசருக்கு ஏன் கிடைக்கவில்லை?

நல்ல தண்ணீர் அவன் வீட்டில் இல்லாமலில்லை என்பதே இதில் வேடிக்கை. காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்ற திறனோடு, வடசென்னைக்கென்றே அமைந்தது. அந்த நீர் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீராக வந்தாலும், பெரும்பாலான வீடுகளில் அது சமையலறையோடு நின்றுவிடுகிறது. குளியலறைக்கு போர் தண்ணீர் என்பது வீடு கட்டுகிறவர்களின் மாறாத சம்பிரதாயம். வாளியில் மொண்டு குளித்த நாளில் அதனால் பாதகமில்லை. கீசர் வந்த பிறகும் சம்பிரதாயத்தை மாற்றாததுதான் தவறு. என் அபிப்பிராயம் இதுதான்: கீசருக்குப் போகும் ஒரு பைப்பை மாத்திரம் மெட்ரோ தண்ணீர்த் தொட்டியோடு இணைத்துவிடுங்கள்.

குடிக்கிற தண்ணீரைக் குளிக்கச் செலவிடுவதா என்று ஆக்ஷேபம் வரும். லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்துப் பழகிய ஊரில் அது நியாயமான ஆக்ஷேபமே. ஆனால் 60 டிகிரி வெந்நீரில் ஏறக்குறைய அதே அளவு பச்சைத் தண்ணீரைக் கலந்துதானே குளிக்கிறோம்? நாளொன்றுக்கு இருமுறை கீசரை நிரப்பினாலும் ஆவது 30 லிட்டர், அதாவது இரண்டு குடம். எம்.சி.பி. விழுந்து, காயில் மாற்றி, பிளம்பருக்குக் கூலி கொடுக்கும் குடும்பத்துக்கு இரண்டு குடம் அதிக விலையாகாது. எச்சரிக்கை ஒன்று உண்டு: வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே மிக்ஸரில் சேருமானால், உயரத்திலிருக்கும் போர் தண்ணீர் பின்வழியாக நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் ஏறிவிடக்கூடும். திருப்பி ஓடாமல் தடுக்கும் வால்வை இரு குழாய்களிலும் போடச் சொல்லுங்கள். அல்லது மிக்ஸரை விட்டுவிட்டுப் பழையபடி தனித்தனிக் குழாய்களாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ தண்ணீரே எட்டாத சந்துகளில் வாழ்கிறவர்களுக்கு இந்த யோசனையால் பிரயோஜனமில்லை. அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பாக, கீசரைத் திறந்து படிவைச் சுரண்டி, ஆனோடு ராடையும் மாற்றிவிட வேண்டும். அதைக் கடைக்காரர் விற்கும்போதே சொல்லவும் வேண்டும். உப்புப் படிவால் நேரும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்னும் நிபந்தனை, கீசரோடு வரும் அட்டைகளில் பொடியெழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், அச்சாகியிருக்கும். வீதிக்கு வீதி போர் தண்ணீர் ஓடும் திருவொற்றியூரில் அத்தகைய உத்தரவாதம் பில் போடும் மேஜையிலேயே காலாவதியாகிவிட்டதென்று பொருள். அந்த வரியைத் தமிழில், பெரிய எழுத்தில், விலைச்சீட்டின் பக்கத்திலேயே அச்சிடும்படி அரசு ஒரு விதி செய்யலாம். குடிநீர் வாரியமும் தன் பணிமனைகளின் வாசற்பலகையில் அந்தந்த வார்டின் நிலத்தடி நீரின் கடினத்தன்மையைக் கோடைக்கொரு முறை, மழைக்கொரு முறை எழுதிப்போடலாம். பலகையும் இருக்கிறது, சாக்குக்கட்டியும் இருக்கிறது.