கால் போனால் பேரும் போகவேண்டுமா?

எமது வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு கிழமையாக வரவில்லை. லயத்துக்குப் போய்ப் பார்த்தோம். சீனி வருத்தத்தால் அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அம்மா கொழுந்துக்குப் போக, பிள்ளை அப்பாவுக்குத் துணை.

அவர் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்திருந்தார். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நாட்போக்கில் முழங்கால் மடிந்தபடியே இறுகிவிடும். பிறகு செயற்கைக் கால் பொருத்துவது கடினம். காலை நேராக நீட்டி வைக்கவேண்டும். வைத்தியர் சம்மதித்தால் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுப்பதும் நல்லது.

இல்லாத காலின் பெருவிரல் குடைகிறது என்று அவர் சொன்னதும், அயலவர்கள் கோடாங்கியைக் கூப்பிடச் சொன்னார்களாம். அது பேயல்ல, நரம்பின் வேலை. கிளினிக்கில் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது. இரவில் எழும்பும்போது கால் இல்லாதது நினைவிருக்காது. அவரும் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். கட்டிலோடு ஒட்டி ஒரு கதிரை போடுங்கள். சீனி வருத்தக்காரர்கள் இருக்கிற காலின் அடிப்பாதத்தை ஒவ்வொரு இரவும் பார்க்கவேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடி பிடித்துப் பாருங்கள்.

ஜெய்ப்பூர் கால் 1968இல் இந்தியாவில் உருவானது. வெறுங்காலோடு, சேற்றிலும் மேடுபள்ளத்திலும் நடப்பவர்களுக்கென்றே செய்தது. கொழும்பில் ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி அதைச் செய்து பொருத்துகிறது. முதல் மாதங்களில் எஞ்சிய கால் சுருங்குவதால் பொருத்திய கால் தளரும். அப்போது திரும்பப் போய்ச் சரிசெய்யவேண்டும். கட்டிலுக்குக் கீழே தூசு படிந்து கிடக்கும் கால்களை நாம் சில லயங்களில் கண்டிருக்கிறோம்.

ஸ்டோரில் ரோலரில் கை போனால் கதை வேறு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின்படி நட்டஈடு எமது உரிமை, துரை போடும் பிச்சையல்ல. விபத்தை அன்றே டிஸ்பென்சரிப் புத்தகத்தில் எழுதுவியுங்கள். வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையொப்பமிடாமல் தலைவரிடம் காட்டுங்கள். சேமலாப நிதியை எடுக்கலாம் என்று சிலர் அவசரப்படுத்துவார்கள். நிரந்தரமாக வேலைசெய்ய முடியாதவர் என்று காட்டித்தான் அந்த வழியில் எடுக்கமுடியும். அப்படி எழுதிக்கொடுத்துவிட்டு நிர்வாகத்திடம் போய் வேலை கேட்பது எப்படி?

வேலை இருக்கிறது. கொழுந்து நிறுக்குமிடத்தில், நாற்றுமேடையில், காவலில் ஒரு காலோடும் ஒரு கையோடும் செய்யக்கூடியவை உண்டு. பேரை வெட்டுவதற்கு முன் இவற்றில் ஒன்றைக் கொடு என்பதே எமது கோரிக்கை. தோட்டத் தலைவர்கள் இதை எழுத்தில் கேட்கவேண்டும். வாயால் கேட்டதற்கு யாரும் பதில் தருவதில்லை.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள அதே லயத்துப் பாட்டிமார் இருவர் முறைபோட்டுக்கொண்டார்கள். பிள்ளை திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்தது. கக்கூசுக்குப் போகும் பதினொரு படிக்குத்தான் இன்னும் பிடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை குழாய் நடப்போகிறோம். இரண்டு மூடை சிமெந்து சேர்ந்துவிட்டது, மணல் தேவை.