‘சும்மா’ விளையாட இவ்வளவு வேலையா?

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை. மாலை 5 மணிக்கு ஆட்டம் என்று அறிவித்திருந்தேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 19 பேர் “வருகிறேன்” என்று பெயர் கொடுத்திருந்தார்கள். ஐந்தே கால் மணிக்குத் திடலில் இருந்தவர்கள் ஒன்பது பேர். வராத பத்துப் பேரில் இருவர் மட்டும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தார்கள். மற்ற எட்டுப் பேரிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. திடல் வாடகையை இரண்டு நாள் முன்னதாகவே என் கைக்காசிலிருந்து கட்டியிருந்தேன்.

நாங்கள் விளையாடுவது ‘அல்டிமேட்’ எனப்படும் ஃபிரிஸ்பீ ஆட்டம். எங்களுக்குப் பயிற்றுவிப்பாளர் கிடையாது, சீருடை கிடையாது, தேர்வுச் சுற்றும் கிடையாது. பல்கலைக்கழக மாணவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், தேசிய சேவையில் இருப்பவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என யார் வேண்டுமானாலும் வரலாம். “சும்மா விளையாடலாம், வாங்க” என்பதுதான் எங்கள் அழைப்பு.

ஆனால், சிங்கப்பூரில் ‘சும்மா’ விளையாடுவது எவ்வளவு கடினமாகிவிட்டது என்பது ஏற்பாட்டாளர் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகுதான் புரிந்தது. இடம், பணம், ஆள் எண்ணிக்கை ஆகிய மூன்றில் எதில் நெருக்கடி வந்தாலும் முதலில் வெளியேறுபவர்கள் புதியவர்கள்தான். இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நடுவர் இல்லாத ஆட்டம்

ஆட்டத்தின் அடிப்படை எளிது. அணிக்கு ஏழு பேர். 100 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்ட திடல். அதன் இரு முனைகளிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பகுதி இருக்கும். எதிரணியின் முனைப் பகுதிக்குள் சக வீரர் வீசும் தட்டைப் பிடித்தால் ஒரு புள்ளி. 175 கிராம் எடையுள்ள அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. 10 விநாடிக்குள் வீசிவிட வேண்டும். வேண்டுமென்றே உடலோடு மோதக்கூடாது.

மற்ற குழு விளையாட்டுகளிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்று உண்டு. உலக விதிமுறைப்படி இதில் நடுவர் இல்லை. விதிமீறல் நடந்ததாகக் கருதினால் பாதிக்கப்பட்டவரே குரல் கொடுப்பார். எதிரணி வீரர் ஒப்புக்கொள்ளலாம் அல்லது மறுக்கலாம். இருவரும் பேசியும் உடன்பாடு ஏற்படாவிட்டால் பெரும்பாலும் தட்டு வீசியவரிடமே திரும்பும். ஆட்டம் தொடரும். போட்டிகளில், ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் ஒன்றின் நடத்தைக்கு மற்றொன்று மதிப்பெண் வழங்கும். விதிகளை அறிந்து பயன்படுத்தியது, உடல் மோதலைத் தவிர்த்தது, நடுநிலை, நல்ல மனப்போக்கு, பேச்சுமுறை என ஐந்து கூறுகளுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு.

இந்த ஆட்டம் மாணவர்களிடமிருந்து பிறந்தது. 1968ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில் ஜோயல் சில்வர் என்ற மாணவர் இதை அறிமுகப்படுத்தினார். மாணவர் மன்றமும் பள்ளிச் செய்தித்தாள் குழுவும் மோதிய ஆட்டம் அதன் தொடக்ககால ஆட்டங்களுள் ஒன்று. பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில்கூட அவர்கள் விளக்கொளியில் விளையாடினார்கள். அதே ஜோயல் சில்வர்தான் பின்னாளில் ‘தி மேட்ரிக்ஸ்’ திரைப்படத்தின் தயாரிப்பாளர்.

வாகன நிறுத்துமிடத்தில் தொடங்கிய ஆட்டத்தை 2015ல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் முழுமையாக அங்கீகரித்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறும் முயற்சி கைகூடவில்லை. கிரிக்கெட், ஸ்குவாஷ் உள்ளிட்ட ஐந்து விளையாட்டுகளுக்கே அந்த வாய்ப்புக் கிடைத்தது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஒலிம்பிக் மேடை இல்லாவிட்டாலும் இந்த ஆட்டம் வாழும். வார இறுதியில் 14 பேர் ஓரிடத்தில் கூடாவிட்டால்தான் வாழாது.

முதல் நெருக்கடி: இடம்

2024ல் சிங்கப்பூரின் மக்கள்தொகை 6 மில்லியனைத் தாண்டியது. நிலப்பரப்போ சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். வீடும் வேண்டும், சாலையும் வேண்டும், மருத்துவமனையும் வேண்டும். புக்கிட் தீமா டர்ஃப் சிட்டியில் பல ஆண்டுகளாகக் காற்பந்தும் ரக்பியும் விளையாடப்பட்டு வந்தன. 2023 இறுதியில் அங்கு குத்தகைகள் முடிவுக்கு வந்தன. அந்த இடத்தில் 15,000 முதல் 20,000 வரையிலான வீடுகள் கட்டப்படும் என 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டது.

இதை நான் குறைசொல்ல மாட்டேன். சில ஆண்டுகளில் வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கப்போகும் தலைமுறை நாங்கள். ஆயினும், ஒவ்வொரு பெரிய புல்வெளி மறையும்போதும் அங்கு விளையாடியவர்கள் வேறு திடல்களுக்கு வருகிறார்கள். அங்கு முன்பதிவுக்குப் போட்டி கூடுகிறது. காற்பந்துக் குழுவும் ஃபிரிஸ்பீ குழுவும் ஒரே இரண்டு மணி நேரத்துக்காகத் திறன்பேசித் திரையைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. பள்ளி நேரத்துக்குப் பிறகு பள்ளித் திடல்களைப் பொதுமக்கள் பயன்படுத்தும் திட்டம் நடப்பில் உள்ளது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் ஆக்டிவ்எஸ்ஜி உறுப்பினர்களுக்கு 100 வெள்ளி மதிப்புள்ள எஸ்ஜி60 சலுகையும் அறிவிக்கப்பட்டது. தனி ஒருவர் நீந்தவும் உடற்பயிற்சி செய்யவும் அது பேருதவி. ஆனால் 14 பேர் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய புல்வெளியைப் பணம் மட்டும் உருவாக்கித் தராது.

இதில் இயற்கையின் பங்கும் உண்டு. ஆண்டு முழுவதும் இங்கு மாலை ஏழு மணியளவில் இருட்டிவிடும். வார நாளில் வகுப்பையோ வேலையையோ முடித்துத் திடலை அடையும்போது வெளிச்சம் போய்விடுகிறது. விளக்குள்ள திடலுக்குக் கட்டணம் அதிகம். வார இறுதி மாலையிலோ இடி மின்னல். இடியோசை கேட்டால் ஆட்டத்தை நிறுத்தியே ஆகவேண்டும். கட்டிய வாடகையை நினைத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

இரண்டாம் நெருக்கடி: பணமும் வாக்கும்

ஓர் எளிய கணக்கு. திடலுக்கு 120 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் வந்தால் ஆளுக்கு 6 வெள்ளி. 12 பேர் வந்தால் ஆளுக்கு 10 வெள்ளி. அதாவது, வராதவரின் பங்கை வந்தவர் செலுத்துகிறார். வாக்குக் காத்தவருக்கு அபராதம், காக்காதவருக்கு விலக்கு.

அந்த 19 பேர் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு கருத்து வலுத்தது. “நம்பகமான 16 பேரை மட்டும் வைத்துக்கொள்வோம். மாதச் சந்தா வாங்குவோம். குழுவை மூடிவிடுவோம்” என்றார்கள் நண்பர்கள். நானும் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டேன். நிம்மதியான வழி அது.

ஆனால், மூடிய குழு எனக்குள் ஒரு கேள்வியை எழுப்பியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்றும் தெரியாமல், காற்பந்துக் காலணியை இரவல் வாங்கிக்கொண்டு இதே திடலுக்கு வந்தவன் நான். என் பள்ளியில் இது இணைப்பாட நடவடிக்கையாக இருந்ததில்லை. அன்று குழு மூடப்பட்டிருந்தால் நான் எங்கே போய்க் கற்றிருப்பேன்?

மூன்றாம் நெருக்கடி: தட்டு யார் கைக்கு வருகிறது?

இது நான் சொல்லத் தயங்கும் பகுதி. சில மாதங்களுக்கு முன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு பெண் எங்களோடு விளையாட வந்தார். நன்றாக ஓடினார். வெற்றிடம் பார்த்து நின்றார், கை உயர்த்தினார். ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அண்ணா, ஒன்றரை மணி நேரம் ஓடினேன். தட்டு ஒரே ஒரு தடவைதான் என் கைக்கு வந்துச்சு.”

அவர் புகாராகச் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

அன்று அவருடைய அணியில் அதிகம் வீசியவன் நான்தான். அவர் ஆளில்லா இடத்தில் நின்றபோதெல்லாம், நெருக்கடியில் நின்ற என் நண்பர்களுக்கே வீசியிருக்கிறேன். எந்த விதியையும் நான் மீறவில்லை. நேர்மையான ஆட்டம் என்று பெருமை பேசும் விளையாட்டில், விதியை மீறாமலேயே ஒருவரை வெளியேற்ற முடியும் என்பதை அன்று கற்றேன்.

இதுவும் மற்ற இரண்டு நெருக்கடிகளோடு தொடர்புள்ளதுதான். திடல் கிடைப்பது அரிதாகி, அதற்குக் காசும் கொடுத்திருக்கும்போது ‘நல்ல ஆட்டம்’ வேண்டும் என்ற எண்ணம் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. புதியவர் தவறவிடும் ஒவ்வொரு தட்டும் வீணான நிமிடமாகத் தெரிகிறது. முகம் சுளிக்காவிட்டாலும் அவருக்கு வீசுவதை நிறுத்திவிடுகிறோம். பெண்கள், புதியவர்கள், வேகம் குறைந்தவர்கள் சத்தமில்லாமல் விலகுகிறார்கள். பிறகு, “ஆள் சேரமாட்டேன் என்கிறார்கள்” என்று நாமே வருந்துகிறோம்.

நாங்கள் செய்த மாற்றங்கள்

குழுவை மூடாமல், நான்கு மாற்றங்களைச் செய்தோம். பெயர் கொடுப்பதற்கான கெடு வியாழன் இரவு 9 மணி. அதற்குப் பிறகு விலகுபவர் தம் பங்கைப் பேநவ் வழியாகச் செலுத்திவிட வேண்டும், அல்லது தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பவேண்டும். முதல் வாரத்திலேயே வராதவர் எண்ணிக்கை குறைந்தது.

இரண்டாவதாக, கட்டணம் தடையாகிவிடக் கூடாது. கைச்செலவுக் காசில் ஓடும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு 10 வெள்ளி பெரிய தொகை. அதனால் மாதம் ஒருமுறை காலை வேளையில், கட்டணமில்லாப் பொதுத் திடலில் விளையாடுகிறோம். இடம் சிறியது என்பதால் அணிக்கு ஐந்து பேர்.

மூன்றாவதாக, ஏற்பாட்டாளர் வேலையைத் திடல், பணம், வானிலை, புதியவர் வரவேற்பு என நான்காகப் பிரித்தோம். வானிலையைக் கவனிப்பவர் “நிறுத்து” என்றால் கேள்வி கேட்காமல் நிறுத்துவோம். நான்கு வேலைகளும் மாதந்தோறும் கைமாறும். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கும் குழு, அவருக்குத் தேர்வு வந்தால் படுத்துவிடும்.

நான்காவதாக, ஒவ்வொரு மூன்றாவது புள்ளிக்கும் அணியில் புதியவராக இருப்பவரே முதலில் தட்டைக் கையில் எடுத்து வீசத் தொடங்கவேண்டும். தொடக்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். தட்டு அதிக முறை கீழே விழுந்தது உண்மைதான். ஆனால் ஆறு வாரங்களில் அந்தப் ‘புதியவர்கள்’ யார் என்று கண்டுபிடிப்பதே சிரமமாகிவிட்டது.

நிறுவனங்களும் உதவலாம். எல்லா நேரத்தையும் முழுத் திடலாகவே வாடகைக்கு விடாமல், பாதித் திடலாகவும் பதிவுசெய்ய வழி இருந்தால் சிறிய குழுக்களுக்குப் பெரிய நிம்மதி. பகலில் காலியாகக் கிடக்கும் திடல்களின் நேரத்தை மாணவர் குழுக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் தரலாம். நிலத்தைக் கூட்ட முடியாது. இருக்கும் நேரத்தைப் பங்கிட முடியும்.

இது ஃபிரிஸ்பீக்கு மட்டும் உரியதன்று. அடுக்குமாடி வீட்டின் கீழே பூப்பந்து விளையாடும் குழுவுக்கும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் குழுவுக்கும் சமூக மன்றத்தில் கபடி பயிலும் குழுவுக்கும் இதே கதைதான். உங்கள் குழுவிலும் யாரோ ஒருவர் திடல் தேடிக்கொண்டும் ஆள் எண்ணிக்கொண்டும் இருப்பார். “வருகிறேன்” என்று சொன்னால் வாருங்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். வந்த பிறகு, இன்னும் ஒருமுறைகூடத் தட்டைத் தொடாதவர் யார் என்று ஒரு கணம் சுற்றிப் பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சென்ற வாரம் செய்தி அனுப்பினேன். அன்று நடந்தது என் தவறு என்று எழுதி, புதிய ஏற்பாடுகளையும் சொன்னேன். தேர்வு முடியட்டும் அண்ணா, பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. வரும் சனிக்கிழமைக்கு இதுவரை 15 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கெடு வியாழன் இரவு 9 மணி.