டிரெய்லரின் பின்விளக்கு யார் பொறுப்பு?

கடன் கொடுப்பதும் வசூலிப்பதும், நூல் வழங்கித் துணி பெறுவதும் கூட்டுறவுச் சங்கத்தின் அன்றாட அலுவல்கள். இவற்றோடு, தனி ஒருவர் கவனியாமல் விட்டுவிடும் பொதுக் காரியங்களையும் சங்கம் மேற்கொள்ளுதல் முறையாகும். அத்தகைய ஒன்றை அங்கத்தினர்களின் ஆலோசனைக்கு வைக்க விரும்புகிறோம். பார்வைக்கு அது மிகச் சிறிய விஷயம்: டிராக்டரோடு பூட்டிய டிரெய்லரின் பின்விளக்கு இரவில் எரியவேண்டும் என்பதே அது.

பாகூர், வில்லியனூர்ப் பகுதிகளில் தை, மாசி மாதங்களில் சம்பா நெல்லும் கரும்பும் ஒருசேர வயலை விட்டுப் புறப்படுகின்றன. பாகூர்ப் பக்கத்து வண்டிகள் பல கடலூர்ச் சாலையில் ஏறுகின்றன. வில்லியனூர்ப் பக்கத்து வண்டிகள் பல அரியூர், திருபுவனை வழியே விழுப்புரம் நெடுஞ்சாலையில் செல்கின்றன. பாரம் ஏற்றி முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. விடியற்காலையிலோ பனிமூட்டம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, பிரேக் மிதித்து, வண்டி நிற்பதற்குள் உலர்ந்த சாலையிலேயே 45 அல்லது 50 மீட்டர் ஓடிவிடும். எதிர்வண்டிக்காக முகப்பு விளக்கைத் தாழ்த்தியிருக்கும் வேளையில், விளக்கற்ற கரும்பு வண்டி அதற்குமேல் தொலைவில் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவில் தெரியவேண்டும் என்று கூறுவதன் நியாயம் இதுவே. அந்த நூறு மீட்டர் இடைவெளிதான் உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி.

மாட்டு வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்ட நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தனர். அன்று வண்டியும் மாடும் விளக்கும் ஒருவருக்கே உரியவை. இன்றோ டிராக்டர் ஒருவருடையது, டிரெய்லர் மற்றொருவருடையது, ஏற்றிய பாரம் மூன்றாமவருடையது. டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் மின்பிளக் மட்டும் எவருக்கும் உரியதாக இல்லை. கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார். பழுது ஒயரில் இருப்பதைக் காட்டிலும் இந்த ஏற்பாட்டில்தான் அதிகமாக இருக்கிறது என்பது நம் கருத்து.

பழுதைக் கண்டுபிடிப்பது கடினமான வித்தை அன்று. வேறொரு டிரெய்லரை அதே டிராக்டரில் பூட்டிப் பார்க்கவேண்டும். அதன் விளக்குகள் எரிந்தால் குறை முதல் டிரெய்லரில். அவையும் எரியாவிட்டால் டிராக்டரின் பியூஸிலோ சாக்கெட்டிலோ இருக்கலாம். ஒரே ஒரு விளக்கு எரியாவிடில் முதலில் பல்பையும் ஹோல்டரையும் பார்க்கவேண்டும்.

பிரேக்கை மிதித்தால் மற்ற விளக்குகள் மங்குவதும், கை காட்டும் விளக்கோடு பின்விளக்கும் சேர்ந்து மினுக்குவதும் எர்த்துக் கோளாற்றின் அடையாளங்கள். பேட்டரியிலிருந்து சென்ற மின்சாரம் திரும்பி வர வழி வேண்டும். கிரீசும் துருவும் ஏறிய இணைப்பு ஊக்கின் வழியே அது ஒழுங்காகத் திரும்பாது. எர்த்து ஒயரைக் கழற்றி, சேஸிஸில் அது சேரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, இரும்பு பளிச்சிடும்படி செய்து இறுக முடுக்கவேண்டும். கடற்காற்றும் சேற்று நீரும் படும் நம் பக்கத்தில் பிளக்கின் பித்தளை முனைகள் பச்சை பூத்துவிடும்; உப்புத்தாள் கொண்டு அவற்றைத் தேய்க்கவேண்டும். ஒயர் இரும்பு விளிம்பில் உராயும் இடங்களையும், எலி கடித்த இடங்களையும், வெறுமனே முறுக்கிவிட்ட இணைப்புகளையும் கையால் தடவிப் பார்ப்பது நலம்.

ஒன்றை மட்டும் எக்காரணத்தாலும் செய்தலாகாது. எரிந்துபோன பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியையோ ஈயத்தாளையோ செருகுகிறவர்கள் உண்டு. அப்பொழுது ஒயரே காய்ந்து தீப்பற்றும். வைக்கோல் ஏற்றிய வண்டியில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. பாவு நூலும் துணி மூட்டையும் குட்டியானையில் அனுப்பும் நெசவாள அங்கத்தினர்களும் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். பட்டை அவசியமே; ஆனால் பிறர் வெளிச்சம் பட்டால்தான் அது ஒளிரும். கரும்புத் தோகை தொங்கினாலும் சேறு படிந்தாலும் அதுவும் மறைந்துவிடும். பிரேக் பிடித்ததையோ வலப்புறம் திரும்பப் போவதையோ அது எவருக்கும் அறிவிக்காது.

ஆகவே, வண்டிகளை வாடகைக்கு விடும் சங்கங்களும், அங்கத்தினரின் விளைபொருளை ஏற்றி அனுப்பும் சங்கங்களும் மூன்று ஏற்பாடுகளைச் செய்யுமாறு வேண்டுகிறோம். முதலாவது, 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்த சோதனை விளக்கு ஒன்றையும், மாற்றுப் பல்புகளையும் சரியான அளவுள்ள பியூஸ்களையும் சங்கக் கிடங்கில் வைத்திருத்தல். இரண்டாவது, பாரம் ஏற்றுவதற்கு முன்பே ஒருவர் பின்னே நின்று பார்க்க, ஓட்டுநர் ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டுதல். பாரம் ஏற்றிய பின்னர் டிரெய்லரின் அடியில் படுத்து ஒயர் தேட எவரும் முன்வரமாட்டார். மூன்றாவது, அனுப்புச் சீட்டில் ‘பின்விளக்கு எரிகிறது’ என்று ஒரு வரி சேர்த்து அதன்கீழ்ப் பார்த்தவர் கையொப்பமிடுதல். கையொப்பம் உள்ள இடத்தில் பொறுப்பும் தானே வந்து சேரும்.

இதனால் வண்டி அரைமணி நேரம் தாமதிக்கும் என்பது உண்மை. ஆலைக்கு வரிசையில் முந்த நினைப்பவருக்கு அது கசக்கவும் செய்யும். ஆயினும் பின்னால் இருசக்கர வண்டியில் வருபவர் நம் ஊரைச் சேர்ந்தவராகவோ, நம் சங்கத்து அங்கத்தினரின் மகனாகவோ இருக்கலாம் அன்றோ? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அங்கத்தினர்கள் முன்வருவார்களாக.