பிறைக்கு வழக்காடுவோர் வானத்தைப் படிப்பது எப்போது?

ஆண்டுக்கு இரண்டு இரவுகள் எமது ஊர்களில் எல்லோரும் வானியலாளர்கள். ரமழானின் தலைப்பிறைக்கு ஒன்று, ஷவ்வால் பிறைக்கு மற்றொன்று. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் வாதம் நள்ளிரவைத் தாண்டுகிறது. கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பை ஏற்போர் ஒருபுறம், சர்வதேசப் பிறை என்போர் மறுபுறம், கணிப்பே போதும் என்போர் இன்னொருபுறம். பெருநாள் முடிந்ததும் மூன்று சாராரும் வானத்தை மறந்துவிடுகின்றனர்.

அமாவாசைக்கும் அமாவாசைக்கும் இடைவெளி சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம். சந்திரன் பிறப்பது வேறு, கண்ணுக்குத் தெரிவது வேறு. சூரியனிலிருந்து ஏறத்தாழ 7 பாகை விலகும்வரை வெறுங்கண்ணுக்குப் பிறை அகப்படாது என்று பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் 1930களிலேயே கணித்தார். வாதாடுவோரில் எத்தனை பேர் இவற்றைப் படித்திருக்கிறோம்? மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுடையது. அதில் எனக்கு வழக்கில்லை. எதைப் பற்றிய தீர்ப்பு என்றே அறியாமல் அணி பிரிவதுதான் வழக்கு.

இன்னொரு நோயும் உண்டு. விஞ்ஞானி ஒன்றைக் கண்டறிந்த மறுநாளே, "இது எமது வேதத்தில் அன்றே உள்ளது" என்று எழுதுவது. அப்படியானால் முதல்நாளே ஏன் சொல்லவில்லை? அண்டம் விரிவதை 1927இல் சமன்பாடுகளால் காட்டிய லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் பாப்பரசர் 12ஆம் பயஸ் அண்டத் தோற்றக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது அவர் மகிழவில்லை. கோட்பாடு திருத்தப்படக்கூடியது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்றும் திருத்தம் ஓயவில்லை. 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்குச் செக்கனுக்கு 67 கிலோமீற்றர் என்ற வீதத்தில் அண்டம் விரிகிறது என்கிறது ஆதி ஒளியின் எச்சத்தை ஆராய்ந்த அளவீடு. விண்மீன்களின் தூரத்தை அளந்தோர் 73 என்கின்றனர். இரண்டில் எதனோடு வசனத்தை முடிச்சுப் போடுவீர்கள்? மற்றது வென்றால் எதை அவிழ்ப்பீர்கள்?

முன்னோர் பெருமையும் இப்படித்தான். 14ஆம் நூற்றாண்டில் இப்னுஷ் ஷாத்திர் திமிஷ்க் உமையாப் பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக இருந்தார். கொப்பர்னிக்கசின் சந்திர மாதிரி அவருடையதை ஒத்திருக்கிறது. இப்னுல் ஹைதமோ பட்லமியூஸ் மீது ஐயங்களை எழுப்பித் தனி நூலே எழுதினார். அவர்கள் பெயரை மேடையில் முழங்குகிறோம். அவர்களது ஐயத்தை ஏற்க அஞ்சுகிறோம்.

பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். மாதம் ஒரு மாலை, நூலகத்தில் ஒரு மேசை, தமிழில் ஒரு வானியல் நூல், ஓர் அத்தியாயம். மௌலவியும் விஞ்ஞான ஆசிரியரும் வாவியில் வலை வீசுபவரும் ஒன்றாக இருக்கட்டும். நிலவும் இருட்டும் பார்த்துத் தொழில் செய்பவரிடமும் கேட்க நிறைய உண்டு. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் துணிவு மட்டும் எல்லோருக்கும் வேண்டும். ஒவ்வொரு மாதமும் பிறை எப்போது, எந்த உயரத்தில் தெரியுமென முன்கூட்டியே எழுதிவைத்து, கடற்கரையில் நின்று சரிபார்க்கட்டும்.

பன்னிரண்டு மாதம் இதைச் செய்தவர் அடுத்த ரமழானில் வாதாட வரட்டும். கேட்க நாமும் வருவோம்.