கணக்குக் கேட்ட கூலிகள்

"எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் வோட்டைக் கொடுத்ததுதான் இந்த நாட்டைக் கெடுத்தது" என்று சொல்கிறவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நன்றாகப் படித்தவர்கள், பண்புள்ளவர்கள். ஒரு சர்டிபிகேட்டுக்காக ஆபீஸில் மேஜைக்கடியில் நோட்டை நீட்டிவிட்டு வந்து, மாலையில் காப்பி குடித்தபடி ஜனநாயகத்தின் சீரழிவுக்கு இரங்குகிறவர்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ராஜஸ்தானத்தில் பஞ்ச நிவாரண வேலைகளில் மண் சுமந்த கூலிகளுக்குச் சட்டம் சொன்ன கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீ வேலை செய்யவில்லை, ரிஜிஸ்டரில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். ரிஜிஸ்டரைக் காட்டு என்றால், அது சர்க்கார் ரகசியம்! கூலியே ரகசியம் என்றால், வோட்டுப் போட்டவனுக்கு மிச்சம் என்ன?

1990-ல் அங்கே ஒரு சங்கம் தோன்றிற்று: மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன். ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த அருணா ராய் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் அவர்கள் ஊரைக் கூட்டி உட்கார வைத்து, கணக்கை உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான். இப்படி ஊர் ஊராக நடந்த கூட்டங்களில், செத்தவர் பெயரில் கூலி பட்டுவாடா ஆனதும், எழும்பாத கட்டிடத்துக்குப் பணம் போனதும் வெளியாயின. படிக்கத் தெரியாத ஜனங்கள்தாம். ஆனால் ஊரில் யார் செத்தார், யார் இருக்கிறார் என்பதற்குப் பட்டமா வேண்டும்?

1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. 2000-ல் ராஜஸ்தானத்தில் சட்டம். 2005-ல் தேசம் முழுவதற்கும். (தமிழ்நாடு 1997-லேயே முந்திக்கொண்டு ஒரு சட்டம் செய்தது உண்மை, தகவல் கொடுக்காமலிருப்பதற்குத்தான் அதில் வழி அதிகம்.) இன்று 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்ற உரிமை அப்படி வந்தது. படித்தவர்கள் உதவவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீதிபதி சாவந்த் தலைமையிலிருந்த பிரஸ் கவுன்சில் ஒரு மசோதாவை எழுதிக் கொடுத்தது. ஆனால் கேள்வி கூலிக்காரனுடையது.

நம் கேள்வி எது? தமிழ்நாட்டு நகரங்களில் 2016 முதல் 2022 வரை ஐந்து வருஷத்துக்கு மேல் தேர்ந்தெடுத்த கவுன்சிலரே இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கோபித்தோமே தவிர, தேர்தல் வரவில்லை என்று நம் தெருவில் எத்தனை பேர் கோபித்தார்கள்?

2023-ல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்திலும் கை வைத்தது. தனிநபர் விவரம் என்றாலே மறுக்கலாம் என்று ஒரு பிரிவைத் திருத்தியது. பொதுநலன் கருதிக் கொடுக்கலாம் என்று வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் அதைக் காட்டி வாதாட வேண்டியவன் கேட்பவன்தான். அன்று அந்தக் கூலிப் பட்டியலில் இருந்தவையோ வெறும் பெயர்கள்! செத்தவன் பெயரைப் பார்க்காமல் திருட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பியாவரில் உட்கார்ந்த சங்கம் இதையும் எதிர்க்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தத் திருத்தத்தைப் படித்திருக்கிறோம்? நமக்குத்தான் படிக்கத் தெரியுமே.